வண்டிலில் இருந்த இறால்

என் எழுத்து மேசையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருக்கிறது. வெளிப்புறத்தைக் கண்ணாடித் துண்டால் வழித்து, பிறகு பல வருடமாகத் தாளின் முதுகில் தேய்த்துத் தேய்த்து, வழுவழுவென்று ஆகிவிட்ட சிரட்டை. விளிம்பில் கறுப்பு மை ஏறி இறுகியிருக்கிறது. எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் போகவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் இதென்ன, பேனை போடுகிற கிண்ணமா என்று கேட்கிறார்கள். ஓம் என்று சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெட்கம் என்பதுகூட மரியாதையான சொல். அதைப் பார்க்கும்போதெல்லாம் என்மேல் எனக்கு வருவது அருவருப்பு.

அது என் மச்சாளுடையது, அதாவது அண்ணையின் மனைவியுடையது. நாத்தனாரான என்னை அவரும் மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். குருநகரில் அவர்களுடைய வீட்டுப் பின்விறாந்தையில், மீன் கழுவி முடிந்த பின்னேரங்களில் அவர் அச்சுப் போடுவார். மீன்பெட்டியின் உடைந்த மூடியில், பேனை பட்டாலே பள்ளம் விழுகிற அந்த வெள்ளை றெஜிபோமில், அழுத்திக் கீறுவார். தேய்ந்த செருப்பின் அடியை வெட்டுவார். கணவாய் மீனின் ஓட்டில் சுரண்டிக் கீறுவார். பால்மா டின்னில் வைத்திருந்த அச்சு மையைப் போத்தலால் உருட்டிப் பூசி, மேலே தாளை விரித்து, இந்தச் சிரட்டையின் முதுகால் தேய்ப்பார். தாளை உரித்தெடுக்கும்போது, “ஐயோ, இவன் ஆரடா!” என்று தானே விழுந்து விழுந்து சிரிப்பார். என்ன வரும் என்று அவருக்கே தெரியாது. தெரிந்தால் போடவும் மாட்டார்.

அந்த வீட்டில் ஒரு விளையாட்டு இருந்தது. முதல் தாள், படலையைத் திறந்துகொண்டு முதலில் வருகிற ஆளுக்கு. தபால்காரரோ, கடன் கேட்க வந்த அயலவரோ, யாரானாலும் சரி. மச்சாள் தாளைத் தூக்கிப் பிடித்து, “இது என்ன, சொல்லுங்கோ பாப்பம்” என்று கேட்பார். அவர்கள் சொல்வதைத்தான் கீழே தலைப்பாக எழுதிக் கொடுப்பார். ஒருநாள் நண்டு ஒன்று போட்டார். றெஜிபோம் உடைந்ததில் ஒரு பக்கம் காலே இல்லை. ரொட்டி விற்க வந்த பாண்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே பார்த்து, “உது என்ரை மாமியாரெல்லோ!” என்றார். ‘பாண்காரரின்ரை மாமியார்’ என்று அப்படியே எழுதிக் கொடுத்தார். மனிதர் அதைப் பாண்பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தார். ஒரு சொல் மட்டும் அங்கே செல்லாது. யாராவது ‘வடிவா இருக்கு’ என்று அழகைப் புகழ்ந்தால் மச்சாள் தாளைத் திரும்ப வாங்கி வைத்துவிடுவார். “வடிவெண்டு சொல்லுற ஆக்கள் ஒண்டையும் பாக்கேல்லை மச்சாள். போறதுக்கு அவசரப்படுகினம்” என்பார் என்னிடம்.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளிடம் படைப்பாற்றலை வளர்ப்பது எப்படி என்று ஆசிரியர் கூட்டங்களில் பேசுவேன். கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதியும் போடுவேன். சீ! அந்த நாக்கை அறுத்துப் போட்டாலும் தகும். ஏனென்றால், அதே வாயால்தான் மச்சாளிடம் போய், “உதுகளை ஒழுங்காச் செய்தால் என்ன? உங்கடை கைக்கு ஒரு பேர் வருமெல்லோ” என்று சொன்னேன்.

வெளிநாட்டில் இருக்கும் என் தங்கையின் மகளுக்குக் கலியாணம் வந்தது. வருகிறவர்களுக்குக் கொடுக்க, ஊரின் ஞாபகமாக நூறு அச்சுப்படம் வேண்டும் என்றாள் தங்கை. பனைமரம், மாட்டு வண்டில், பின்னால் சூரியன். நான் துள்ளிக்கொண்டு ஒத்துக்கொண்டேன். கொழும்பிலிருந்து அச்சு வெட்டுகிற லினோத் தகடும் நல்ல தாளும் எடுப்பித்து, படத்தை நானே கீறிக் கொடுத்தேன். மச்சாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வண்டிலை நான் படத்திலைதான் கண்டனான். பனை நிக்குதுதான், ஆனா எனக்கு அதோடை கதைக்க ஒண்டுமில்லை” என்றார். கதைக்க வேண்டாம், வெட்டினால் போதும் என்றேன் நான். பகிடியாகச் சொன்னதாகத்தான் அன்று நினைத்தேன்.

ஒரு கிழமை கழித்துப் போனபோது லினோ வெட்டி முடிந்திருந்தது. பிசகில்லாத பனை, பிசகில்லாத மாடு. வண்டிலில் மட்டும் வண்டில்காரன் இல்லை. அவனுடைய இடத்தில் ஓர் இறால், மீசையை நீட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி இருந்தது. மச்சாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சிரிப்பேன் என்று காத்துக்கொண்டு நின்றார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

“இதென்ன விசர்வேலை?” என்றேன்.

“வண்டிலுக்கை இருக்கிற ஆளை எனக்குத் தெரியாது மச்சாள். இறாலைத் தெரியும்” என்றார்.

வேறு லினோ வாங்க நாள் இல்லை. என் கைப்பையில் பள்ளிக்கூடத்துக் கத்தி இருந்தது. அதை எடுத்து, அவருடைய விறாந்தையில், அவருடைய மேசையில், அவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்த இறாலை நானே வழித்தெடுத்தேன். முதலில் மீசை, பிறகு தலை, பிறகு வால். லினோத் துருவல் நிலத்தில் உதிர்ந்தது. ஏதோ பிள்ளையின் கொப்பியில் பிழை திருத்துகிற மாதிரி, வாயால் ஊதி வேறு விட்டேன். நிமிர்ந்தபோது மச்சாள் விளக்குமாற்றை எடுத்துத் துருவலைக் கூட்டிக்கொண்டிருந்தார். “சரி, டீச்சர்” என்றார். அதுவரை ஒருநாளும் என்னை அவர் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை.

நூறும் சொன்ன நாளுக்கு முடிந்தது. ஒன்றிலும் மை பிசகவில்லை. முதல் தாளையும் எண்ணிக்கையில் சேர்த்துக் கட்டிவிட்டார். அன்று படலையைத் திறந்து வந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு அவர் அச்சுப் போடவில்லை. நேரமில்லை என்பார், கை நோகிறது என்பார். கோபமும் இல்லை, முகம் திருப்பவும் இல்லை. ஒருநாள் மை டின்னையும் சிரட்டையையும் ஒரு பையில் போட்டு, “உங்கடை பிள்ளையளுக்கு உதவும்” என்று தந்துவிட்டார். சண்டை பிடித்திருந்தால் நானும் நாலு வார்த்தை கதைத்து ஆறியிருப்பேன்.

போன மாதம் தங்கை ஊருக்கு வந்தாள். அந்த நூறில் ஒன்றைச் சட்டம் போட்டு எனக்கே பரிசாகக் கொண்டுவந்திருந்தாள். “எங்கடை ஊர் அப்பிடியே இருக்கெண்டு எல்லாரும் சொன்னவை அக்கா” என்றாள். படத்தைப் பார்த்தேன். சூரியன், பனை, மாடு, நடுவில், நான் வழித்த இடத்தில், வெள்ளையாக ஓர் ஓட்டை. “வண்டிலை ஆர் ஓட்டுறது?” என்று கேட்டேன். அவள் அப்போதுதான் கண்டாள். “அட! ஓம் என்ன! சரி, மாட்டுக்கு வழி தெரியும்தானே” என்று சிரித்தாள். நூறு வீட்டுச் சுவர்களில் இத்தனை வருடமாக ஆளில்லாத வண்டில் தொங்குகிறது, ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லாரும் வடிவு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவள் போன பிறகு, ஓய்வுபெற்ற இந்த வயதில், றெஜிபோம் மூடி ஒன்றைத் தேடி எடுத்து உட்கார்ந்தேன். பேனையால் ஓர் இறால் கீறினேன். மை பூசி, தாளை விரித்து, இந்தச் சிரட்டையால் தேய்த்தேன். பிறகு தாளைக் கையில் வைத்துக்கொண்டு முன்கதவைப் பார்த்தபடி இருந்தேன். முதலில் படலையைத் திறந்து வந்தவர் மச்சாள்தான், கையில் மீன் பையோடு. தாளைத் தூக்கிப் பிடித்து, “இது என்ன, சொல்லுங்கோ பாப்பம்” என்றேன்.

மச்சாள் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார். ஒரு கணம் பார்த்தார்.

“வடிவா இருக்கு, டீச்சர்” என்றார்.

மீன் பையைக் குசினியில் வைத்துவிட்டு, வெயில் ஏற முன்னம் போகவேண்டும் என்று போய்விட்டார். நான் சிரட்டையைக் கழுவி மேசையில் கவிழ்த்து வைத்தேன்.