உச்சிவெயிலில் சுருதி சேர்த்தவர்

லூர்து அக்கா போய்விட்ட செய்தியைச் சொன்னவர் எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசித்த மோகன் அண்ணன். நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடை வாசலில் நின்றிருந்தேன். கைபேசியை எடுத்ததும், "இன்னா பண்ணிகினு கீற? சாப்ட்டியா?" என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படிக் கேட்டதே இல்லை. மீதியை அவர் சொல்வதற்கு முன்பே புரிந்துவிட்டது. மஞ்சள் காமாலை முற்றி அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் திருவிழா மேடைகளில் எங்கள் மெல்லிசைக் குழுவைக் கேட்டவர்களுக்கு அவரை நினைவிருக்கும். கிட்டார் வாசித்த பெண். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கத்தில் வேறு யாரும் அப்படி இல்லை. பகலில் திருவொற்றியூரில் ஸ்டெபிலைசர் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் சால்டரிங் வேலை, மாலையில் மேடை. நான் கல்லூரியில் படித்துக்கொண்டே கோரஸ் பாடினேன். மேடையில் என் இடம் அவருக்குப் பக்கத்தில்.

பக்கத்தில் நின்ற எனக்கே அவர் வாசிப்பது கேட்காது. குழுவை நடத்திய சேகர் அண்ணன்தான் கீபோர்டும் வாசித்தார். மிக்சர் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். கிட்டாரின் ஒலியை இறக்கி வைத்துவிட்டு, கிட்டாருக்கு உரிய இடங்களையும் கீபோர்டிலேயே வாசித்துவிடுவார். கெட்டவர் இல்லை. நிகழ்ச்சி முடிந்தால் எங்கள் இருவரையும் வீடு வரை கொண்டுவந்து விடாமல் அவர் போனதில்லை. ஒருநாள் ஒத்திகை முடிந்ததும், கிட்டாரை ஏன் இறக்குகிறீர்கள் என்று அக்கா நேராகவே கேட்டுவிட்டார். "ஜனம் உன்னப் பாக்கத்தாம்மா வருது. கேக்குறதுக்கு நான் கீறேன்ல?" என்று சிரித்தார் சேகர் அண்ணன். அக்காவும் சிரித்தார். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு என்னிடம், "நான் இன்னாடி, ஜவுளிக்கட பொம்மையா?" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் பெட்டி வேலை தொடங்கியது. ஃபஸ் பெடல் என்பார்கள். காலால் மிதித்தால் கிட்டாரின் சுத்தமான ஒலி கிழிந்து, கரகரத்து, பெருத்து வரும். பழைய பாட்டுகள் சிலவற்றில் அதைக் கேட்டிருப்பீர்கள். சேகர் அண்ணனின் கீபோர்டில் அந்த ஒலியைத் தேடினால் கொசுதான் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வாங்க எங்களுக்கு வழியில்லை. அதைச் செய்ய ஜெர்மானியம் என்ற பழைய வகை டிரான்சிஸ்டர்கள் இரண்டு வேண்டும். காயலாங்கடைகளில் செத்துக் கிடந்த ரேடியோக்களைப் பிரித்து அவற்றைச் சேர்த்தார். சோடி மாற்றிப் பொருத்திக்கொண்டே இருந்தார். ஒரு சோடி இருமும். இன்னொன்று மூக்கால் அழும். "தனித்தனியா பாத்தா தங்கம்டி. ஒண்ணா வெச்சா மாமியா மருமவ" என்பார். கடைசியில் ஒரு சோடி ஒத்துப்போனது. அதை ஒரு சின்ன ஸ்டெபிலைசர் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

ஒலியைச் சீராக்குவதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் கம்பெனியின் சோதனை அறை. அங்கே அளவு பார்க்கும் கருவிகள் எல்லாம் இருந்தன. சாப்பாட்டு நேரத்தில் கிட்டாரோடு போய் உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் என்னையும் கூட்டிப் போனார். பெட்டிக்குள் இருந்த சின்னத் திருகை டெஸ்டரால் மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒரு இடத்தில் நிறுத்தி வாசித்தார். எனக்குக் கையெல்லாம் சிலிர்த்தது. "இதாங்கா, இதேதான்!" என்று கத்தினேன்.

சித்திரை மாதம் ஒரு அம்மன் கோயில் நிகழ்ச்சி. பகலெல்லாம் வெயில் குடித்த தகரக் கொட்டகைக்குக் கீழே மேடை. தலைக்கு மேல் பெரிய விளக்குகள். அக்காவின் இடம் வந்தது, மிதித்தார். பெட்டி பொருபொருவென்று துப்பிவிட்டு அடங்கிப்போனது. கூட்டத்தில் ஒருவன், "அக்கா, கேஸ் தீந்துபோச்சா?" என்று கத்தினான். சேகர் அண்ணன் அசராமல் அந்த இடத்தைக் கீபோர்டில் நிரப்பினார். அக்கா கம்பிகளில் விரலை ஓட்டிக்கொண்டே நின்றார். குனிந்திருந்த முகத்தை நான் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

காரணம் மறுநாள் தெரிந்தது. அந்த வகை டிரான்சிஸ்டருக்குச் சூடு ஆகாது. ஸ்டெபிலைசரைப் பரிசோதிக்க வேண்டுமென்றால் ஏசியை ஓட்டித்தானே ஆக வேண்டும்? அதனால் சோதனை அறையில் நாள் முழுக்க ஏசி ஓடிக்கொண்டிருக்கும். திருவொற்றியூரிலேயே குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, சித்திரை மேடைக்கு நாங்கள் சுருதி சேர்த்திருக்கிறோம். மோகன் அண்ணனுக்குச் சிரித்து மாளவில்லை. "காசிமேட்டுல ஐஸ் வாங்கி, மீன் பொட்டில வெச்சு எடுத்தாந்துரு லூர்து. பூன வேணா ரசிக்கும்" என்றார். நான் அதை உண்மையாகவே செய்து பார்க்கலாம் என்றேன். அக்கா தலையாட்டினார். "அது எதுக்குடி குளிரணும்? நாம வேவுறோம்ல, அதுவும் கூட வேவட்டும்."

அவர் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். சூட்டில் துவண்டுபோன சோடிகளைக் கழித்தார். தாங்கி நின்ற ஒன்றை வைத்துத் திருகை நகர்த்தினார். டெஸ்டர் வியர்வையில் வழுக்கியது. அந்தக் கோடையின் ஞாயிறுகள் எங்களுக்கு அப்படித்தான் போயின. அவருடைய அம்மா எட்டிப் பார்த்து, "பேஜாரு புடிச்சதுங்க, ஆவி புடிக்குதுங்க பாரு" என்று மோர் வைத்துவிட்டுப் போவார்.

ஆடியில் அடுத்த மேடை, அதே மாதிரியான தகரக் கொட்டகை. சேகர் அண்ணன் வழக்கம்போல் கிட்டாரை இறக்கி வைத்திருந்தார். அக்கா மிதித்தார். இறக்கி வைத்த அளவையெல்லாம் மீறிக்கொண்டு அந்த ஒலி வெளியே வந்தது. காலுக்குக் கீழே பலகை அதிர்ந்தது. சேகர் அண்ணனின் கை மிக்சருக்குப் போனது. அதற்குள் கூட்டத்தில் விசில் கிளம்பிவிட்டது. "இன்னொருவாட்டி அடிக்கா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. போன கை அப்படியே நின்றது. மேடையை விட்டு இறங்கியதும், "கொஞ்சம் கொறச்சினு வாசிம்மா" என்றார். "கொறைக்கிற குமிழே வெக்கலண்ணே" என்றார் அக்கா. சேகர் அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதன் பிறகு பல வருடங்கள் வாசித்தோம். மார்கழி மேடைகளில் மட்டும் பெட்டி சோம்பும். ஏறுவதற்கு முன் அதைச் சால்வையில் சுற்றி மடியில் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருப்பார். எந்தத் தாயும் பிள்ளையை அவ்வளவு அலட்சியமாக மடியில் போட்டு, அவ்வளவு அரட்டை அடித்து நான் பார்த்ததில்லை.

அடக்கத்துக்குச் சேகர் அண்ணன் வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. கல்லறைத் தோட்டத்து வாசலில் என்னிடம், "அந்த சவுண்ட இப்பவும் தேடிப் பாக்குறேன்மா. புது கீபோர்டுல ஆயிரம் கீது, அது இல்ல" என்றார். பெட்டி அக்காவின் தம்பியிடம் இருக்கிறது. நான் கேட்கவில்லை.

நான் வைத்திருப்பது வேறு. அக்கா பெட்டியை மிதித்ததும் முதலில் ஒரு சீறல் வரும், யாரோ பக்கத்தில் மூச்சை இழுப்பதுபோல. ஒரு சுரமும் இன்னும் பிறந்திருக்காது. அந்தச் சீறலைக் கேட்டதும் சேகர் அண்ணனின் இரண்டு கைகளும் கீபோர்டை விட்டுத் தாமாக மேலே எழும். கோரஸில் நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். மேடை முழுக்க அவருக்காக ஒதுங்கி நிற்கும். அந்த ஒரு கணம்தான் எனக்கு லூர்து அக்கா.