பதினோரு நொடிக் கை

இடது காதில் ஒயர் செருகியிருக்கிறது. வலது காது மேஸ்திரியின் விசிலுக்காகத் திறந்திருக்கிறது. கைகள் இரண்டும் காப்பிச் செடிக்குள். சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து குவிந்த குரல்செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே கனகா பழம் பறிக்கிறார். ஒத்துக்கொள்ள முடியாத கருத்து காதில் விழுந்தால் கையின் வேகம் கூடிவிடும். "அந்தக் கார்த்தித் தம்பி பேசுச்சுன்னா அன்னைக்கி எனக்கு நாலு கிலோ எச்சாவே ஏறுமுங்க" என்கிறார்.

பதில் சொல்லப் பத்து மணித் தேநீர் வரை காத்திருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால்தான் சிக்னல். பிளாஸ்டிக் பையில் முடிந்து இடுப்பில் செருகிய போனை எடுத்து, வாயருகே வைத்து, ஒவ்வொரு செய்தியையும் ஒரே விதமாகத்தான் தொடங்குவார்: "ஏனுங்க, நாகலூர் கனகா பேசறனுங்க." அந்த வாட்ஸ்அப் குழுவில் நூற்று நாற்பது பேர். அவர் குரலை அறியாதவர் யாருமில்லை. ஆனாலும் ஊரும் பெயரும் சொல்லாமல் அவர் பேசியதில்லை.

கனகாவுக்கு ஐம்பத்தேழு வயது. பதினாறு வயதில் ஏற்காட்டு மலையிலுள்ள இந்தக் காப்பி எஸ்டேட்டில் கூலிக்குச் சேர்ந்தவர். அவர் பேசுவது விலைவாசி பற்றியோ பேரப்பிள்ளைகள் பற்றியோ அல்ல. 'தூரத்துக் கிரகம்' என்ற விண்வெளிப் படம் பற்றி. வெளியானபோது ஓடாத படம் அது. பிறகு தொலைக்காட்சியில் போட்டுப் போட்டு, கேசட்டில் பார்த்துப் பார்த்து, அதற்கென்று ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தயாரிப்பு நிறுவனம் அதைக் கணினியில் ஏற்றிப் புதுக்கி வெளியிட்டது. அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. விண்கலம் தொங்கிய நைலான் கயிற்றை அழித்தது சரியா? அட்டையில் செய்த நிலாவை மாற்றலாமா? வானத்தில் ஒரு சூரியன் இருந்த இடத்தில் இரண்டை வைக்க யார் உரிமை கொடுத்தது?

கயிற்றைப் பற்றிக் கனகாவின் கருத்து இது: "கவுறு தெரிஞ்சா என்னங்க? பஸ்ஸுக்கே டிரைவர் வேணும். அவ்வளவு பெரிய கப்பலு சும்மா பறக்குமுங்களா?" இரண்டு சூரியன் விஷயத்தில் அவ்வளவு தாராளம் காட்டவில்லை. "ஏனுங்க, பொழுது ரெண்டு வெச்சிருக்கறீங்க, நெழலு ஒண்ணுதான் உழுவுது. இன்னொரு பொழுதோட நெழலு லீவு போட்டிருச்சுங்களா?" வாழ்நாளெல்லாம் சில்வர் ஓக் மர நிழல் எந்தப் பக்கம் நகர்கிறதென்று பார்த்துப் பார்த்து நின்ற ஒருவர் கேட்ட கேள்வி. நூற்று நாற்பது ரசிகர்களில் வேறு எவருக்கும் அது தோன்றவில்லை. சென்னையில் கிராபிக்ஸ் வேலை செய்யும் கார்த்தி, புதிய பதிப்பின் முழுநேர வக்கீல், இரண்டு நாள் கழித்துப் பதில் போட்டார்: "பட்ஜெட் இருந்திருக்காதும்மா."

ஆனால் பெரிய சண்டை கையைப் பற்றியது.

படத்தின் நடுவில் வரும் காட்சி. பூமியிலிருந்து போன வீரன் பசியில் துவண்டு கிடக்கிறான். வெள்ளி நிறத்தில் ஒரு கை, மணிக்கட்டு வரை மட்டும், திரையில் நுழைகிறது. கிளையை வளைத்துச் சிவந்த பழம் ஒன்றைப் பறிக்கிறது. பிறகு உள்ளங்கையைக் கிளைமேல் விரித்து மெல்ல மெல்ல மேலே போகிறது. கை எழ எழக் கிளையும் கூடவே எழுகிறது. கட்டைவிரல் முதலில் விலகும், சுண்டுவிரல் கடைசியில். மொத்தம் பதினோரு நொடி.

ரசிகர்கள் இதற்கு 'ஆசி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கிரகத்து மக்கள் மரத்துக்குச் செய்யும் வழிபாடு இது என்பது அவர்கள் முடிவு. ஒருவரை ஒருவர் சந்தித்தால் கைகுலுக்குவதில்லை. உள்ளங்கையை விரித்து, உயர்த்தி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்குகிறார்கள். குழுவின் தலைவர் பிரபாகர், சேலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், இதைப் பற்றி அறுபத்து நான்கு பக்கத்தில் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அதன்படி ஐந்து விரல்களும் ஐந்து பூதங்கள். நிலம் கடைசியாக விடைபெறுவதால் சுண்டுவிரல் கடைசி. புதிய பதிப்பில் அந்த உள்ளங்கையிலிருந்து பொன்னிற ஒளி பாய்கிறது. கிளை முழுதும் பூக்கிறது. ஒளி வேண்டும் என்கிறார் கார்த்தி, அர்த்தம் தெளிவாகிறதாம். கூடாது என்கிறார் பிரபாகர், ஆசிக்கு விளக்குப் போட வேண்டியதில்லையாம். அது ஆசி என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

"ஆசியுமில்ல, கும்பிடுமில்லீங்க" என்கிறார் கனகா. "நான் சேர்வராயன் கோயிலுக்கு வருசம் தவறாமப் போறவ. கும்புடறது எனக்குத் தெரியாதுங்களா? அதுக்கு ரெண்டு கையும் வேணும். காப்பிக் கெளைய வளைச்சுப் பழம் பறிச்சுப்போட்டுச் சும்மா உட்டம்னா சடார்னு போயி அடிக்கும். அடுத்த வருசத்து மொட்டெல்லாம் உதுந்துரும். கணக்கு எழுதற ரைட்டரு பாத்தாருன்னா ஊட்டுக்குப் போன்னுருவாரு. அதனால கூடவே கையக் கொண்டுபோயி, அது எடத்துல உட்டுட்டு வரோணும். நுனி சுண்டுவெரல்லதான் நிக்கும். அதான் அது கடைசியா எந்திரிக்குது. இதுல பூதம் எங்கீங்க வந்துச்சு?"

இதை அவர் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் கை அவருடையது.

படப்பிடிப்பு அவர்கள் எஸ்டேட்டில் நடந்தது. கனகாவுக்கு அப்போது பதினேழு. கிரகவாசிகளாக நிற்க ஆறு பெண்களை மேஸ்திரி வரிசையிலிருந்து பிரித்து அனுப்பினார். சென்னையிலிருந்து வந்திருந்த நடிகை பழத்தைக் காம்போடும் இலையோடும் பிய்த்தாராம். நான்கு முறை எடுத்தும் சரிவரவில்லை. இயக்குநர் திரும்பிப் பார்த்து, "நீ பறிம்மா" என்றாராம். கதவுக்கு அடிக்கும் அலுமினியப் பெயிண்டை ஒரு பெண்ணின் தோலில் பூசுவது பற்றி அங்கே ஒருவருக்கும் யோசனை எழவில்லை. "ஒம்பது நாளு வெள்ளிக் கையோடதானுங்க இருந்தேன். சோறு தின்ன முடியல, அம்மாதான் ஊட்டுச்சு. கடைசில மண்ணெண்ணெ போட்டுத் தேச்சுத் தோலோட வந்துச்சு." அடுத்த ஆண்டு சேலத்தில் ஒரு தியேட்டரில், முன்வரிசை டிக்கெட்டில், தன் கையைச் சுவர் உயரத்துக்குப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாராம். அவர் சிரித்தாராம்.

படத்தின் முடிவில் பெயர்கள் ஓடுகின்றன. ஜெனரேட்டர் வண்டி ஓட்டியவர் பெயர் இருக்கிறது. வாடகைக்கு வந்த குதிரையின் பெயர் இருக்கிறது. ஆறு பெண்களின் பெயர் இல்லை. பிற்பாடு வந்த விழா மலர் ஒன்று, "அந்தக் கை சென்னை நடனக் கலைஞர் ஒருவருடையது" என்று ஒரு வரி எழுதிவிட்டது. பிரபாகரின் புத்தகம் அதைப் பதினான்கு இடங்களில் மேற்கோள் காட்டுகிறது. அவ்வளவு அழகான அசைவு பயிற்சி பெற்ற கைக்குத்தான் வரும் என்கிறது. பதினாறு வயதிலிருந்து ஒரு நாளைக்கு ஆயிரம் கிளை என்பது பயிற்சியில் சேராது போலும்!

படத்துக்கு இது நாற்பதாம் ஆண்டு. மீண்டும் வெளியிடப் போகிறார்கள். எந்தப் பதிப்பு, என்னென்ன திருத்தம் என்று ரசிகர்கள் ஒரு கடிதம் தரலாம் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. அதை முடிவு செய்யச் சனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு விடுதியின் கூடத்தில் முப்பது பேர் கூடினார்கள்; பார்க்க நானும் போயிருந்தேன். கனகா நாகலூரிலிருந்து பஸ்ஸில் வந்தார். துணிப்பையில் ஆரஞ்சு. காதில் மட்டும் கேட்டிருந்த கார்த்தியை நேரில் பார்த்ததும் முதல் பழத்தை அவர் கையில் வைத்தார். "தின்னு சாமி. சண்டை வேற, பழம் வேற."

கூட்டம் தொடங்கியதும் இருபத்தொன்பது கைகள் உயர்ந்து ஆசி வழங்கின. கனகா பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாருமே கெளைய உட்டீங்க. பழத்தைத்தான் ஒருத்தரும் பறிக்கல" என்றார். சிலர் சிரித்தார்கள்.

அந்தக் கூடத்துக்கு ஒரே கதவு. மேல்பாதி கண்ணாடி, உட்பக்கம் இழுத்துத் திறப்பது, முரட்டு ஸ்பிரிங். யார் வெளியே போனாலும் பின்னால் 'படார்' என்று அறையும். தேநீருக்கு ஒருவர், போனுக்கு ஒருவர், சிகரெட்டுக்கு ஒருவர் என்று போய்க்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் பிரபாகர் பேச்சை நிறுத்தி, கண்ணை மூடித் திறந்து, மறுபடி தொடங்கினார். நாற்காலி வைத்துப் பார்த்தார். கதவு நாற்காலியையும் தள்ளிக்கொண்டு அறைந்தது.

மதியத்துக்குப் பிறகு கடிதத்தின் வரைவை வாசித்தார்: பழைய பதிப்பையும் சேர்த்து வெளியிட வேண்டும். கயிறு கயிறாகவே இருக்கட்டும். கையில் ஒளி வேண்டுமா என்பது வாக்கெடுப்புக்கு. கனகா எழுந்தார்.

"இன்னொண்ணு எழுதுங்க தம்பி. அது எஸ்டேட் ஆளு கையி. ஆறு பேரு நின்னோம். அம்மாசி செத்துப்போயிட்டா, காவேரி மவ ஊட்டுக்குப் போயிட்டா. எல்லாப் பேரும் நான் சொல்றேன். படத்துல போடச் சொல்லுங்க."

பிரபாகர் கெட்டவர் அல்ல. உண்மையிலேயே சங்கடப்பட்டார். "கனகாக்கா, தப்பா நெனைக்காதீங்க. மலர்ல நடனக் கலைஞர்னு அச்சுல வந்திருக்குதுங்க. நாம மாத்தி எழுதுனா ஆதாரம் கேப்பாங்க."

"மலர்ல அந்தம்மா பேரு இருக்குதுங்களா?"

"பேரு... இல்லீங்க. நடனக் கலைஞர்னுதான்."

"பேரே இல்லாதவங்களுக்கு ஆதாரம் வேண்டாம். பேரு சொல்றவளுக்கு வேணும். நல்லா இருக்குதுங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "வெள்ளி பூசுனா எல்லாக் கையும் ஒண்ணுதான்."

"ஏனுங்க, அப்ப உங்க கையில பூசிக்கங்க. மண்ணெண்ணெ நான் கொண்டாறேன்."

இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். கார்த்தி மட்டும் சிரிக்கவில்லை. உரித்த ஆரஞ்சு கையிலேயே இருந்தது. "அம்மா, நீங்க சொல்ற மாதிரி அது வெறும் எஸ்டேட் வேலைன்னா, சீனுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடுமே?"

கனகா அவர் பக்கம் திரும்பினார். "எப்படிப் போவும் கண்ணு? அத்தன தொலைவுல ஒரு கெரகம். அங்கயும் ஒருத்தி அடுத்த வருசத்துக் காயை நெனைச்சுக் கெளைய மெதுவா உடறா. வெளிச்சம் போட்டு இன்னைக்கே பூக்க வெச்சுட்டீங்கன்னா, அவ எதுக்கு மெதுவா உடோணும்?"

நேரமாகிறது, வாக்கெடுப்பு முடியட்டும் என்று யாரோ குரல் கொடுத்தார்கள். ஒளி வேண்டாம் என்று பதினாறு, வேண்டும் என்று பதின்மூன்று. கார்த்தி கை தூக்கவில்லை. பெயர்களைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். கடிதம் மறுநாளே போகிறது என்பதை யாரும் நினைவூட்டவில்லை.

"நாலரை பஸ்ஸ உட்டா அடுத்தது பொழுது சாஞ்சுதானுங்க" என்று கனகா துணிப்பையை எடுத்துக்கொண்டார். கோபம் இருந்திருக்க வேண்டும். செருப்பை ஒருமுறைக்கு இருமுறை தவறாக மாட்டினார்.

இறுதி வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் கதவுக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தோம். கதவைப் பார்த்தபடி நின்று வாசித்தவர் பிரபாகர் ஒருவர்தான். அவருக்குப் பின்னால் திரையில் அந்த வெள்ளிக் கை உறைந்து நின்றது. கதவு திறக்கும் ஓசை கேட்டதும், அறையும் சத்தத்துக்காக அவர் வாசிப்பை நிறுத்தினார். கண்ணை மூடினார். சத்தம் வரவில்லை. திறந்தார். அப்புறம் மூடவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் திரும்பினோம்.

வெளியே நின்று கனகா பஸ் வரும் பக்கம் தலையைத் திருப்பியிருந்தார். ஸ்பிரிங் தள்ளிக்கொண்டு வந்த கதவை, பார்க்காமலேயே, கண்ணாடிமேல் உள்ளங்கையை விரித்துத் தாங்கி, அதனோடு கூடவே பின்னால் போய், அதன் இடத்தில் மெல்லச் சேர்த்தார். கண்ணாடியிலிருந்து கட்டைவிரல் விலகியது. பிறகு மற்ற மூன்றும். கடைசியில் சுண்டுவிரல்.