பானையில் ஆறிய தண்ணீர்

ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹேயில் எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீரோடு சுண்ணாம்பும் வரும். தேநீருக்கு அது பரவாயில்லை. நான் வீட்டில் காய்ச்சும் பியரை அது கெடுத்துவிடும். கசப்பு நாக்கை விட்டுப் போகவே போகாது. அதனால் வெள்ளிக்கிழமை மாலையே பெரிய பானையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி, ஆறவிடுவேன். காலையில் சுண்ணாம்பு அடியில் படிந்திருக்கும். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, அம்மா கோயிலுக்குப் போனதும் காய்ச்சத் தொடங்குவேன்.

அம்மாவுக்குத் தெரியக்கூடாது. அப்பாவைக் குடிதான் கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் அம்மா என்னோடு இருக்க வந்தார். எனக்குக் குடிப்பதில் அப்படியொன்றும் ஆசையில்லை, செய்வதுதான் பிடிக்கும். வேலை, கடை, அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போகும் டெர்மின் என்று ஓடும் வாரத்தில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். இதை அவரிடம் எந்த வாயால் சொல்வது? பானை எதற்கென்று கேட்டபோது, பல்கனியில் நிற்கும் கறிவேப்பிலைக்கு என்றேன்.

அப்படியும் காய்ச்சிய பியரெல்லாம் கசந்தது. மால்ட் தானியத்தைச் சந்தேகித்தேன், கசப்புக்குப் போடும் ஹொப்ஸ் பூவைத் திட்டினேன். கடைசியில், மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பாவிக்கும், தண்ணீரில் சுண்ணாம்பு எவ்வளவென்று காட்டும் சோதனைத் துளிகளை வாங்கிவந்து பானைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். எரிச்சல்தான் வந்தது. குழாய்த் தண்ணீருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை இரவு அடுப்படிக்குள் போனபோது, அம்மா பானையிலிருந்து தன் போத்தல்களை நிரப்பிக்கொண்டிருந்தார். கொதித்தாறிய தண்ணீரைக் கண்டால் எங்கள் ஆட்கள் குடிக்க எடுக்காமல் விடமாட்டார்கள். பாதிப் பானை குறைந்ததும் குழாயில் பிடித்து ஊற்றி, அகப்பையால் நன்றாகக் கலக்கி மூடினார்.

"அம்மா, அதில கை வையாதேங்கோ!" கத்தியே விட்டேன்.

"செடிக்குத்தானே தம்பி? செடிக்குப் பச்சைத்தண்ணி காணும்தானே."

ஓம் என்றால் இனித் தண்ணீர் கொதிக்கவைக்கச் சாக்கு இருக்காது. இல்லை என்றால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். வசமாக மாட்டிக்கொண்டேன்.

"செடிக்கு இல்லையம்மா. பியருக்கு."

"பியர் காய்ச்சிறது தெரியும். கீழ கெல்லர் அறையில போத்தில்களைக் கண்டு கனநாள். கொப்பரோட சீவிச்ச எனக்கு அந்த மணம் தெரியாதே? இந்தத் தண்ணியும் அதுக்கெண்டுதான் தெரியேல்லை."

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

அம்மா பானையின் விளிம்பைத் துணியால் துடைத்தார்.

"கேட்டு நீ கோவிச்சா, நான் எங்க போறது?"

இந்த வீட்டில் அடைபட்டுக் கிடப்பவன் நான் என்றே அதுவரை நினைத்திருந்தேன். உங்களுக்கும் சேர்த்தே கொதிக்கவைக்கிறேன், வேண்டியமட்டும் எடுங்கோ என்றேன். தலையாட்டினார்.

இப்போதெல்லாம் பியர் கசப்பதில்லை. அம்மா பானைப் பக்கமே போவதில்லை. குழாயில் ஒரு கோப்பை தண்ணீர் பிடிப்பதென்றாலும், என்னைக் கேட்டுத்தான் பிடிக்கிறார்.