சாவி யாரிடம் இருக்கும்?

துப்பாக்கி எதற்கு என்ற கேள்விக்கு மனுதாரர்கள் எழுதிய பதில்களைப் பத்தொன்பது வருடம் படித்தவன் நான். ஆயுத உரிமப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். அத்தனை வருடத்தில் ஒரு துப்பாக்கியையும் தொட்டதில்லை, கோப்புகளைத்தான் தொட்டேன். 'உயிருக்கு ஆபத்து' என்று எழுதியவர்களில் பலருக்கு, கல்யாண மேடை ஏறும்போது பின்னால் துப்பாக்கியுடன் ஓர் ஆள் வர வேண்டும், அவ்வளவுதான் ஆபத்து. சிலருக்கு மேலிடத்துச் சிபாரிசும் வந்தது. நானும் 'பரிசீலிக்கலாம்' என்று எழுதிக் கோப்பை மேலே அனுப்பியிருக்கிறேன். ஆகவே நம் நாட்டு நடைமுறை புனிதமானது என்று சொல்ல வரவில்லை.

பருத்திப்பட்டில் என் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. ஏரிக்குக் கீழே நெல் விளைந்த காலத்தில், பன்றி விரட்ட அவருடைய அப்பா வாங்கியது. உரிமத்தில் எழுதியிருக்கும் காரணம் 'பயிர்ப் பாதுகாப்பு'. நெல் விளைந்த இடத்தில் இப்போது நான்கு மாடிக் குடியிருப்புகள். காலையில் தண்ணீர் லாரிதான் வந்து நிற்கிறது. ஆனாலும் புதுப்பிக்க மனு போட்டார். அது என் மேசைக்கே வந்தது. கூப்பிட்டு, என்ன பயிர் என்று கேட்டேன்.

"மாடில தக்காளி வச்சிகீறேன் சார். கொரங்கு வர்து."

தேர்தல் அறிவித்தால் உரிமதாரர் தம் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். முடிவு வந்த பிறகு ரசீதைக் காட்டித் திரும்பப் பெறலாம். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பழைய வேட்டியில் சுற்றி, ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு போவார். கிளம்புமுன் என் வீட்டுக்கு வந்து ஒப்படைப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொள்வார்.

இந்த முறை அவர் வந்தபோது என் மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அமெரிக்காவிலிருந்து கம்பெனி வேலையாக இரண்டு வாரம் வந்திருந்தார். என் மகளும் ஆறு வயதுப் பேத்தியும் அங்கேயே இருந்தார்கள். அடுத்த மாதம் நானும் மனைவியும் அங்கே போய் ஆறு மாதம் தங்குவதாக ஏற்பாடு. விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டாகிவிட்டது, மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது.

வேட்டி மூட்டையைப் பார்த்ததும் மாப்பிள்ளை விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் சிரித்தார்.

"உங்க சொந்தத் துப்பாக்கியை நீங்களே கொண்டுபோய்க் குடுக்கறீங்களா? எங்க ஊர்ல இப்படிக் கேட்டா ஜனங்க ரோட்டுக்கு வந்துடுவாங்க."

"துப்பாக்கியோட ரோட்டுக்கு வரக் கூடாதுன்னுதான் மாப்ள வாங்கி வச்சிக்கிறாங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "ஊட்ல கீறதவிட அங்க கீறதுதான் நமக்கு நிம்மதி."

"மாமா, அங்க அது உரிமை. இங்க நீங்க பார்த்துக் குடுக்கற சலுகை" என்று என் பக்கம் திரும்பினார் மாப்பிள்ளை. நல்ல வாக்கியம்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நானும் ஒண்ணு வாங்கிட்டேன். ரெண்டு வீடு தள்ளித் திருட்டு. போலீஸ் வர இருபது நிமிஷம் ஆகும். இங்க ஒரு சத்தம் போட்டா தெருவே வரும். அங்க யாரு வருவா?"

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பழக்கதோஷம், அடுத்த கேள்வி தானாக வந்தது.

"எங்க வச்சிருக்கீங்க?"

"கட்டில் பக்கத்து டிராயர்ல."

"பூட்டியா?"

"பூட்டி வச்சா அவசரத்துக்கு எப்படி மாமா எடுக்கறது?"

சமையலறையிலிருந்து என் மனைவி வெளியே வந்தாள். அந்த டிராயரை நாங்கள் இருவரும் வீடியோவில் பார்த்திருக்கிறோம். பேத்தி அதைத் திறந்து, புதிதாக வாங்கிய தலைக்கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து எங்களுக்குக் காட்டியிருக்கிறாள்.

எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். வெள்ளைத்தாள் எடுத்து ஒரு படிவம் எழுதினேன். ஆயுதம் வைக்கப்படும் இடம். பூட்டு உண்டா. சாவி யாரிடம் இருக்கும். வீட்டில் உள்ள குழந்தைகள் எத்தனை பேர். கீழே கையொப்பம்.

"இதை நிரப்பிக் கையெழுத்துப் போடுங்க. அப்பதான் நாங்க வருவோம்."

"மாமா, நான் உங்க ஆபீஸ்ல மனு போடலை."

"தெரியும். உங்க வீட்ல தங்க நாங்கதான் மனு போட்டிருக்கோம். அதை வாபஸ் வாங்கறேன்."

"போட்டுடு நைனா" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "இவுரு உடமாட்டாரு. தக்காளிக்கே எட்டுக் கேள்வி கேட்டவரு."

மாப்பிள்ளை போடவில்லை. முகம் சிவந்து உள்ளே போனார். இரண்டு நாளில் விமானம் ஏறினார். முகப்பேரிலிருந்து சம்பந்தி அம்மாள் போன் செய்து, மாப்பிள்ளையிடம் போய்ப் படிவத்தை நீட்டலாமா என்று கேட்டார். பெரிய இடத்து மனுக்களுக்கு வளைந்த கை இது, வீட்டு மனுவுக்கும் வளைந்தால் நான் என்ன மனிதன் என்றேன். அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து மகள் வீடியோவில் வந்தாள். கட்டிலுக்கு அடியில், தரையோடு திருகி வைத்த இரும்புப் பெட்டி. நம்பர் பூட்டு.

"பாருங்கப்பா. அவரே வாங்கிட்டு வந்து மாட்டினார். இப்ப வருவீங்கதானே?"

என் மனைவியின் கண் அலமாரிமேல் இருந்த பயணப் பெட்டிக்குப் போனது. எனக்கும் மனம் இளகிவிட்டது. இருந்தாலும் மூன்றாவது கேள்வி பாக்கி இருந்தது.

"நம்பர் யார் யாருக்குத் தெரியும்?"

"எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான்."

அவளுடைய தோளுக்குப் பின்னாலிருந்து பேத்தி தலையை நீட்டினாள். "எனக்கும் தெரியும் தாத்தா! என்னோட பர்த்டே!"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் நின்ற மாப்பிள்ளை, நம்பரை இன்றைக்கே மாற்றிவிடுவதாகச் சொன்னார். நான் பதில் சொல்வதற்குள் மனைவி போனைப் பிடுங்கினாள்.

"டிக்கெட்டை கேன்சல் பண்ணுங்க மாப்பிள்ளை. அடுத்த நம்பரையும் அவ கண்டுபிடிப்பா. உங்க பொண்ணு கெட்டிக்காரி. அந்தத் துப்பாக்கி வீட்டை விட்டுப் போறவரைக்கும் நாங்க வர மாட்டோம். லீவுக்குப் பாப்பாவை இங்க அனுப்புங்க. இங்க தெருவுலயே ஒரு துப்பாக்கிதான், அதுவும் ஸ்டேஷன்ல இருக்கு."

சொல்லிவிட்டு, அங்கே கொண்டுபோகக் கட்டி வைத்திருந்த வடகத்தைப் பிரித்து எங்கள் வீட்டு டின்னிலேயே கொட்டினாள்.

பிடிவாதம் என்கிறார்கள். இருக்கட்டும். அன்றே அந்தப் படிவத்தில் 'சாவி யாரிடம் இருக்கும்' என்ற வரிக்கு நேராகச் சிவப்பு மையில், 'குறைகளை நிவர்த்தி செய்து மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்று எழுதிப் படமெடுத்து இருவருக்கும் அனுப்பினேன். மகளிடமிருந்து பேத்தியின் பள்ளி விடுமுறைத் தேதிகள் வந்தன.