அசையாத பலகை

வேலைத்தளத்தில் அவளை எல்லோரும் ஆணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கலவை சுமப்பது அவள் வேலை. ஆனால் கான்கிரீட் இறுகியபின் கழற்றிப்போடும் பலகைகளில் ஆணி நிமிர்ந்து நின்றால் அவளால் தாண்டிப் போக முடியாது. குந்தி உட்கார்ந்து பிடுங்கி, இடுப்பில் தொங்கும் தகர டப்பாவில் போட்டுவிட்டுத்தான் அடுத்த சட்டியைத் தூக்குவாள். மேஸ்திரி கத்துவார். காதில் வாங்கமாட்டாள்.

அதே கட்டடத்தில் பலகை அடிக்கிறவன் அவள் கொழுந்தன். அவன் மனைவிக்கு நிறைமாதம். "அவரப் பாத்துக்கங்கக்கா" என்று காலையில் வாசல்வரை வந்து சொல்லியனுப்பியிருந்தாள். அவன் விட்டால்தானே! தலைக்குக் கொடுத்த ஹெல்மெட்டை மல்லாத்தி, அதில் டீ கிளாஸ்களை வைத்துத் தூக்கிவருகிறவன்.

மூன்றாம் மாடியில் குழாய் இறக்க ஓர் ஓட்டை விட்டிருந்தார்கள். ஆள் விழுகிற அகலம். அவன் அதன்மேல் ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு மூடினான்.

"சும்மா வச்சா போதாது தம்பி. கட்டணும்."

"எதுக்கு அண்ணி? பலகை என்ன ஓடியா போகுது?"

"பலகை ஓடாது. பலகை வேணும்னு ஒருத்தன் வருவான். ரெண்டு கையால தூக்கி முகத்துக்கு நேரா பிடிப்பான். ஒரு அடி முன்ன வைப்பான். அப்புறம்?"

"அவ்வளவு மடையன் இங்க யாருமில்ல."

சொல்லிவிட்டு அவன் இறங்கிப்போனான். வேறொரு தளத்தில் அப்படி விழுந்தவனைத் தூக்கிப்போனவர்களில் அவளும் ஒருத்தி. பலகையின் ஆணித் துளைகளில் கட்டுக்கம்பியை நுழைத்து, பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பிகளோடு முறுக்கினாள். மேலே சிவப்புச் சாயத்தில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

மதியத்துக்கு மேல் மழை கறுத்துக்கொண்டு வந்தது. சிமெண்ட் மூட்டைகள் வெட்டவெளியில் கிடந்தன. "பலகை கொண்டா, பலகை!" என்று கீழே ஒரே கூச்சல். கொழுந்தன் ஓடிவந்தான். சிவப்புக் குறியை அதற்குள் சிந்திய கலவை மறைத்திருந்தது. எந்த இடம் என்று பாராமல், கண்ணில் பட்ட பலகையைப் பிடித்துத் தூக்கினான். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

"எந்த மடையன் இதக் கட்டி வச்சான்?"

சட்டியோடு படியேறி வந்தவள் நின்றாள்.

"கட்டினது நான். போட்டது நீ."

அவன் கை தானாக விலகியது. இழுத்ததில் லேசாகத் தூக்கிக்கொண்ட விளிம்பு வழியே குனிந்து பார்த்தான். அடிவரை இருட்டு. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"உக்காந்தா மூட்டை நனையும். படிக்கட்டுக்குக் கீழ தார்ப்பாய் இருக்கு, ஓடு."

மழை விட்டபின் மேலே வந்தான். டீ கிளாஸ்கள் கையில், ஹெல்மெட் தலையில். அதில் ஒட்டியிருந்த பழைய டீ மழை ஈரத்தில் கரைந்து நெற்றியில் வழிந்தது.

"அண்ணி, கட்டுக்கம்பி மிச்சம் இருக்கா? நாலாவது மாடியிலயும் ஒரு ஓட்டைய சும்மாதான் மூடி வச்சிருக்கேன்."

"இரு, வர்றேன். முதல்ல அந்த டீய குடு."