சுண்டை வேரில் கத்தரி

மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்து மொட்டை மாடிக்குப் போய்ப் பார்க்கிறேன், தொட்டியில் நின்ற ஒட்டுக் கத்தரி வேலையைக் காட்டியிருந்தது. ஒட்டுக்குக் கீழேயிருந்து ஒரு கிளை, முள்ளும் அகல இலையுமாகக் கிளம்பி, வெள்ளையாகப் பூத்தும் நிற்கிறது. அது சுண்டை. மேலே கத்தரியின் ஊதாப்பூ. நிறத்தை மறந்துவிட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே அச்சு. ஐந்து முனை, நடுவில் மஞ்சளாக ஒரு குவியல். கிள்ளி எறியப் போனவள், இலையைக் கசக்கி முகர்ந்துகொண்டு நின்றுவிட்டேன். அந்தப் பச்சை வாடை என்னை நேராக மார்க்கையன்கோட்டை ரோட்டு நாற்றுப் பண்ணையில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

தாவரவியல் படித்து முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். வேலை என்னவோ குழித்தட்டில் விதை போடுவதும் தண்ணீர் தெளிப்பதும்தான். ஆனால் வருகிறவர்களை நிறுத்திவைத்துப் பாடம் நடத்தாமல் விடமாட்டேன். என் வாய் அப்படி. தக்காளி, மிளகாய், மணத்தக்காளி, கத்தரி, சுண்டை எல்லாவற்றின் பூவையும் ஒரு தட்டில் பறித்து வைத்திருப்பேன். காயின் தலையில் பச்சைத் தொப்பி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள், விதை தட்டையாக இருப்பதைப் பாருங்கள், எத்தனையோ காலத்துக்கு முன்னால் ஒரே செடியிலிருந்து பிரிந்து பிரிந்து வந்தவை இவை என்பேன். நாற்று வாங்க வந்த மனிதர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நெளிவார்.

நெளியாமல் கேட்ட ஒரே ஆள் பேச்சியம்மாள் அக்கா. பண்ணைக்குப் பின்னால், வாய்க்காலைத் தாண்டி இருபது சென்ட்டில் கத்தரி வைத்திருந்தார். இரண்டு வருடமாகப் பூக்கிற நேரத்தில் செடி பச்சையாகவே தலை தொங்கிச் செத்துக்கொண்டிருந்தது. மண்ணில் இருக்கிற வாடல் நோய்.

"இந்தவாட்டியும் போச்சுன்னா நெலத்தக் குத்தகைக்கு விட்டுருவேன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாக. நான் ஜீப்பு ஏறணும்" என்றார்.

ஜீப் என்றால், விடியுமுன் ஆட்களை அடைத்துக்கொண்டு மலையேறி ஏலக்காய்த் தோட்டத்துக் கூலி வேலைக்குப் போகிற ஜீப். அந்த வளைவுகளில் அக்காவுக்கு வயிறு புரட்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். தன் நிலத்தில் அடுத்தவர் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்க்க அவரால் முடியாது.

சுண்டையை அந்த நோய் அண்டாது. சுண்டை நாற்றின் தலையை வெட்டி, கத்தரியின் நுனியை அதில் செருகிக் கிளிப் மாட்டினால், வேர் சுண்டை, காய் கத்தரி. இதைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். "அதெப்படித்தா வேற செடியில ஒட்டும்?" என்று அவர் கேட்டதும் எனக்குக் குஷி வந்துவிட்டது.

"வேற செடி இல்லக்கா. ரெண்டும் பங்காளிக" என்றேன்.

அக்கா கையில் எடுத்த நாற்றைக் கீழே வைத்துவிட்டார். பங்காளி என்றால் அண்ணன் தம்பி வகையறா. எங்கள் பக்கத்தில் அங்கே பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

"பங்காளிக்குள்ள சேத்துவச்சா வெளங்குமா? ஏற்கெனவே ரெண்டு வெள்ளாமை போயிருக்கு" என்று எழுந்து போயே போய்விட்டார்.

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். இரண்டு தடவை அடிபட்டவருக்குச் சிரிப்பு வரவில்லை. மாமன் மச்சான் என்று ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். நடவுக்கோ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் அவரே வந்தார்.

"ஒட்டுறது கல்யாணம் இல்லத்தா. வேரு பாலு குடுக்குது, அம்புட்டுத்தான். என் தங்கச்சி பிரசவத்துல சொகமில்லாமக் கெடந்தப்ப அவ மகளுக்கு நான்தானே பாலு குடுத்தேன். பெரியம்மா பாலு பிள்ளைக்குச் சேராமப் போகுமா?"

மூன்று வருடம் கல்லூரியில் படித்த எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். வெட்கமாகவும் இருந்தது, அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

ஆனாலும் அக்கா லேசில் நம்பிவிடவில்லை. "ஒறவு இருக்கப் போயித்தான் ஒட்டுதுன்னா, ஒறவில்லாததுல ஒட்டக் கூடாதுல்ல? வெண்டையிலயும் வச்சுக் காட்டு" என்றார். வெண்டை பருத்திக்கும் செம்பருத்திக்கும்தான் சொந்தம், கத்தரிக்கு அது யாரோ. வெண்டை நாற்று பத்து, சுண்டை நாற்று பத்து, எல்லாவற்றிலும் கத்தரி நுனியைச் செருகி நிழல் கூடாரத்தில் மூடினோம். அக்கா தினமும் வந்து எட்டிப் பார்ப்பார். வெண்டையில் வைத்தவை ஒவ்வொன்றாகத் துவண்டு, வாரம் முடிவதற்குள் பத்தும் கருகிவிட்டன. சுண்டையில் ஒன்பது நிமிர்ந்து நின்றன. செத்த ஒன்று என் கைக்கோளாறு.

பிறகென்ன, பண்ணையிலிருந்த சுண்டை நாற்று முழுவதிலும் இருவருமாக உட்கார்ந்து ஒட்டினோம். வயலில் செடி பூக்கிற நேரம் வந்தபோது அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை, எனக்கும்தான். பக்கத்து வயலில் கத்தரி தலை தொங்கியது. இங்கே தொங்கவில்லை. முதல் பறிப்பன்று ஒரு பை நிறையக் காயைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டிவிட்டுப் போனார். குத்தகைப் பேச்சு அத்தோடு நின்றது. அவர் ஜீப் ஏறவேயில்லை.

இப்போது போன் பண்ணினால் ஒட்டு நாற்று வேனில் வந்து இறங்குகிறது. யாருக்கு யார் சொந்தம் என்று எவரும் கேட்பதில்லை. நாற்றுப் பண்ணையும் இல்லை. வாய்க்கால் கரையில் தானாக முளைத்துக் கிடந்த சுண்டைப் புதர்களை, சிமெண்டு பூசியபோது வழித்துவிட்டார்கள். அக்கா காலமாகி இரண்டு மழைக்காலம் ஆகிறது. நான் மட்டும் இன்னும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறேன், கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள். நான் சொன்னதை அப்படியே நம்பி, நம்பியதாலேயே கோபித்துக்கொண்டு போய், மூன்று நாள் யோசித்துவிட்டுத் திரும்பி வர ஆள் இல்லை.