பெயர் மறைத்த கடிதங்கள்

யாராவது கடிதம் வாசித்தால் போதும், குளோரியா இருந்த இடத்தில் இருக்க மாட்டாள். உடம்பு ரிச்சர்ட்ஸ் டவுன் மாதா கோயில் பின்னறையில் நாற்காலியில் இருக்கும். மனசு, கடிதம் எழுதினவங்க வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்துவிடும்.

மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அங்கே உதவி நிதிக் கமிட்டி கூடும். சம்பளமா? ஒரு டீ, ரெண்டு பிஸ்கட். டீச்சர் வேலையிலிருந்து ரிடையர் ஆனதும் தானாகவே போய்ச் சேர்ந்தாள். ஊரார் கொடுத்த நிதி யாருக்குப் போகணும் என்று ஐந்து பேர் முடிவு பண்ணணும். பெயர், விலாசத்தின் மேல் காகிதம் ஒட்டி வரும் கடிதங்களைத் தலைவர் ஹெர்பர்ட் வாசிப்பார். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. மனசுக்குப் பட்ட கடிதத்தின் டப்பாவில் போடணும். எழுதினது தெரிஞ்சவங்க என்று தோன்றினால் சொல்லிவிட்டு எழுந்து போயிடணும். அதுதான் கட்டுப்பாடு.

அன்றைக்கு வெளியே தூறல். ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் பால் கலந்த தண்ணீர் மாதிரி வழிந்தது. முதல் கடிதம், இட்லி வண்டிக்கு அடுப்பு கேட்டது. குளோரியா அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஆவி முகத்தில் படக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹெர்பர்ட் அடுத்ததை எடுத்தார். "என் வீட்டுக்காரருக்குக் காது மெஷின் வேணும். ஆறு வருஷமாக் காது மந்தம். வெட்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லல. ரோட்டுல கூப்பிட்டாத் திரும்ப மாட்டார். திமிர் புடிச்சவர்னு பேர் வாங்கிட்டார். அவருக்குத் தெரியாம எழுதறேன்."

குளோரியா மெதுவாக அந்த வீட்டுக்குள் போனாள். சின்ன அறை. மேஜையில் டீ. ஹெர்பர்ட் மேலே வாசித்தார். "காலையில பன்னுல மாங்கா ஊறுகாய் தடவித் தின்னுக்கிட்டே பாடுவார். அவர் பாட்டு அவருக்கே கேக்கறதில்ல."

பன்னில் மாங்காய் ஊறுகாய்! பெங்களூர் முழுக்கச் சலித்தாலும் அந்தக் கண்றாவியைத் தின்கிறவன் ஒருத்தன்தான். அவள் தம்பி நீல்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஈஸ்டர் காலையில், கோயில் வாசலில் அத்தனை பேர் மத்தியில் மூன்று தரம் கூப்பிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். அவ்வளவுதான். 'அவன் செத்தாலும் வாசல்படி மிதிக்க மாட்டேன்' என்று சபதம் போட்டாள். அவன் பண்ணின போனையும் எடுக்கவில்லை.

பாவி! கேட்கவே இல்லையா அவனுக்கு?

கொட்டைகள் விழுந்தன. கமிட்டிக்காரர்களில் ஃபாத்திமாவும் கோவிந்தப்பாவும் காது மெஷினுக்கு, மற்ற இருவரும் அடுப்புக்கு.

"உங்களுதுதான் பாக்கி, குளோரியா மேடம்," என்றார் ஹெர்பர்ட்.

கொட்டையை உள்ளங்கையில் உருட்டினாள். பேசாமல் போட்டுவிட்டால் போதும், மெஷின் அவனுக்குப் போய்விடும். யாருக்கும் தெரியாது. சபதமும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கூடப் பிறந்தவள் குத்துக்கல்லாக இருக்க, அவன் ஊரார் தர்மத்தில் கேட்கணுமா?

எழுந்தாள். "அடுப்பைக் கொடுத்துடுங்க. அந்தக் கடிதத்தை எடுத்துடுங்க. அவன் என் தம்பி. மெஷின் நான் வாங்கித் தர்றேன்."

ஹெர்பர்ட் ஒட்டியிருந்த காகிதத்தை உரித்துக் கடிதத்தை நீட்டினார். கீழே மரியா என்று தம்பி மனைவியின் கையெழுத்து, ஈஜிபுரா விலாசம். தம்பி வீடு மாறினதுகூட அவளுக்குத் தெரியாது.

ஆட்டோ பிடித்தாள். ஈரத் தெருவிளக்குகள் எல்லாம் மிதந்து போயின. மரியாதான் கதவைத் திறந்தாள், பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டாள். உள்ளே நீல் முதுகைக் காட்டிக்கொண்டு சட்டை மடித்துக்கொண்டிருந்தான். குளோரியா சுற்றிப்போய் எதிரே நின்றாள்.

"அக்கா!" என்று கத்தினான். "அஞ்சு வருஷம்! ஒரு தரம்கூட என்னைக் கூப்பிடணும்னு தோணலியா உனக்கு?"

"கூப்பிட்டேன்டா," என்றாள்.

நீல் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, அவள் உதட்டையே பார்த்தான்.